நாங்கள் நட்டதெல்லாம் செத்துப்போச்சு, யாரும் நடாத காரைச் செடி மட்டும் நிற்குது. பிள்ளைகளை வைத்து ஊர்ச் செடிகளைத் திரும்பக் கொண்டுவர வழி சொல்லுங்கள்

செம்மண் டீச்சர் கேட்டது:

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பசுமைப் படைப் பொறுப்பும் என் தலையில்தான்.

போன வருஷம் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று 150 கன்று நட்டோம். யாரோ இலவசமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். தூங்குமூஞ்சி, குல்மொகர், கொஞ்சம் புங்கன், வேம்பு. பேனர், கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று. அன்றைக்கு அடித்த வெயிலில் எனக்கே தலை சுற்றியது, கன்றுகளைச் சொல்ல வேண்டாம். இந்த மார்ச்சில் பிள்ளைகளோடு போய் எண்ணினேன். 9 இருந்தது. அதில் 6 அடிபம்புக்குப் பக்கத்தில் நட்ட புங்கன்.

எண்ணி முடித்துத் திரும்பும்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், நாம தண்ணி ஊத்துனது செத்துப்போச்சு. அந்தக் காரைச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்னிடம் பதில் இல்லை. தாவரவியலில் பட்டம் வாங்கியவள் நான்.

இடத்தைச் சொல்கிறேன். பள்ளிக்குப் பின்னால் கண்மாய்க் கரை வரைக்கும் ஒன்றரை ஏக்கர் புறம்போக்கு. பாதியில் சீமைக்கருவேல். மீதி வெறும் செம்மண்ணும் சரளையும், நடுநடுவே ஆடு கடித்துக் குட்டையாகிப்போன முள்செடிகள். கிழக்கே தைலமரக் காடு. கூப்பிடு தூரத்தில் அய்யனார் கோயில் காடு ஒன்று, கால் ஏக்கர்கூட இருக்காது. உள்ளே நுழைந்தால் மட்டும் இருட்டிக்கொண்டு வரும்.

இந்த மண்ணுக்கு உரியது எது? அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பணம் இல்லை. ஆடு உண்டு. ஏப்ரல், மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. இன்னொரு போட்டோ மட்டும் வேண்டாம்.

---

சர்வேயர் மகன்:

மியாவாக்கி முறை போடுங்க டீச்சர். சதுர மீட்டருக்கு 3, 4 கன்று வீதம் நெருக்கமா நட்டா மூணே வருஷத்துல காடு. ஸ்பான்சர் பிடிச்சா சொட்டுநீரும் போட்டுத் தருவாங்க. பிள்ளைகளுக்கும் கண்ணுக்கு முன்னாடி வளர்றது தெரியும்.

---

நாத்தங்கால் அக்கா:

டீச்சர், நான் ஆரோவில் பக்கம் 17 வருஷம் நாத்தங்கால்ல வேலை பார்த்தவ. படிச்சது பத்தாவது. தப்பா இருந்தா திருத்துங்க.

முதல்ல அந்தப் பையன் கேள்விக்குப் பதில். உங்க காரைச் செடி மேலே முழங்கால் உயரம் இருக்கும், கீழே வேருக்கு உங்க வயசு இருக்கலாம். ஆடு கடிக்கக் கடிக்க வேர் உள்ளே போய்க்கிட்டே இருந்திருக்கு. ஒரு வருஷம் ஆட்டை மறிச்சுப் பாருங்க, தலைக்கு மேல எழும்பும். அதை யாரும் நட வேண்டாம், விட்டா போதும்.

அதனால நடுறதுக்கு முன்னாடி எண்ணுங்க. 1 மீட்டருக்கு 1 மீட்டர் கயித்துச் சதுரம் கட்டி, அங்கங்க போட்டு, உள்ளே என்னென்ன இருக்குன்னு பிள்ளைங்க எழுதட்டும். கணக்கு வாத்தியாரையும் இழுத்து விடுங்க, சராசரி, சதவீதம் எல்லாம் அதுலயே வந்துடும். வெட்டையா கிடக்குன்னு நாம சொல்ற இடத்துல சூரை, காரை, சங்கஞ்செடி, விழுதி, களா, உசில் கட்டை துளிர்த்தது, இதெல்லாம் இருக்கும். பேர் தெரியாததுனால நமக்குப் புதரா தெரியுது.

ரெண்டாவது, ஜூன் 5. இந்த நாளைச் சொன்னாலே எனக்குக் கோவம் வரும். நம்ம கிழக்குக் கரைக்கு மழை ஐப்பசி, கார்த்திகைல. அக்னி நட்சத்திரம் முடிஞ்ச கையோட கன்னு நட்டா அது எப்படிப் பிழைக்கும்? ஆனா அதே ஜூன்ல வேம்பு, நாவல், இலுப்பை, பாலை எல்லாம் பழுத்துக் கொட்டும். பள்ளிக்கூடம் திறக்கற நேரமும் அதுதான். ஜூன் 5 விதை பொறுக்கற நாளு டீச்சர். பேனர்ல அதைப் போட்டுக்கோங்க.

விதையில சில விஷயம் இருக்கு. வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் காய வெச்சுப் பத்திரப்படுத்தற விதை இல்ல. சதையைக் கழுவி, நிழல்ல ஈரம் வத்தினதும் ஒரு வாரத்துக்குள்ள பையில போட்டுடணும். "லீவு முடிஞ்சு போடலாம் சார்"னு டப்பாவுல வெச்சா அத்தனையும் செத்த கொட்டைதான். கொன்றை நேர் எதிர். வருஷக்கணக்கா கிடக்கும், ஓடு கெட்டி, தண்ணி உள்ளே போகாது. பிள்ளைங்க கையில உப்புத்தாள் குடுத்து ஒரு பக்கமா தேய்க்கச் சொல்லுங்க. 50 விதை தேய்ச்சது, 50 தேய்க்காதது, ரெண்டு தட்டுல போட்டு நாளுக்கு நாள் முளைச்சதை எண்ணட்டும். உங்க ஆய்வுக்கூடத்துல இதைவிட நல்ல சோதனை இருக்கா? உசிலுக்குச் சுடுதண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விட்டா போதும்.

ஒரே மரத்தடியில பொறுக்காதீங்க. அஞ்சாறு மரம் தேடிப் போங்க. எங்க நாத்தங்கால்ல தாய்மரப் பதிவேடுன்னு ஒண்ணு வெச்சிருந்தோம். எந்த மரம், எங்க நிக்குது, எப்பப் பூத்துது, எப்பக் காய் விழுந்துது. உங்க பிள்ளைங்க ஆளுக்கு ஒரு மரம் எடுத்துக்கிட்டாங்கன்னா மூணு வருஷத்துல உங்க ஊர் மரங்களோட பஞ்சாங்கமே கையில இருக்கும். விழுந்த அத்தனையும் அள்ளிடாம அணிலுக்கும் மைனாவுக்கும் விட்டுட்டு வரணும்.

பைக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கின சாணி உரம் 1. கோயில் காட்டு மண்ணை மட்டும் அள்ளாதீங்க. பால் பாக்கெட் போதும், கீழே ரெண்டு ஓட்டை.

சர்வேயர் மகன் தம்பிக்கு: மியாவாக்கி அய்யா சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்தந்த மண்ணுல தானா வளர்ந்ததைத்தான் நடணும்னு அவரே சொன்னாரு. இங்க அந்தப் பாதியை விட்டுட்டு நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் நம்ம காடு வேற மாதிரி. குட்டையா, முள்ளா, இலை கெட்டியா, வருஷம் பூரா பச்சையா இருக்கும். நடுவுல புல்லுத் திட்டும் ஓணான் வெயில் காயற பாறையும் இருக்கும். சதுர மீட்டருக்கு 4 கன்னு போட்டு மூடிட்டா அதெல்லாம் எங்க போகும்? மோட்டார் நின்னா தண்ணியும் நின்னுடும்.

ஆரோவில்லயும் எல்லாம் சரியாத்தான் ஆரம்பிச்சாங்கன்னு நினைக்காதீங்க. 1968-ல அது மொட்டைச் செம்மண் மேடு, மழை வந்தா மண்ணு அப்படியே கடலுக்குப் போகும். ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்திரேலியாக் கருவேலை, அவங்க வேலை மரம்னு சொல்வாங்க, அதை நிறைய வெச்சாங்க. நிழல் வந்துது, மண் நின்னுது. அப்புறம்தான் கோயில் காடுகளுக்குப் போய் விதை எடுத்துட்டு வந்து காயா, வீரை, கருங்காலின்னு அடியில வெக்க ஆரம்பிச்சாங்க. மொதல்ல தடுப்பணை, வரப்பு. மண்ணு ஓடிட்டிருந்தா எதை வெச்சும் பிரயோசனம் இல்ல.

---

செம்மண் டீச்சர்:

அக்கா, இதை அச்செடுத்து ஆசிரியர் அறையில் ஒட்டிவிட்டேன். கணக்கு சாருக்கும் படித்துக் காட்டினேன், "என்னை ஏம்மா வம்புல மாட்டிவிடுறீங்க" என்றார். வந்துவிடுவார்.

ஒரு சந்தேகம். பெயர்களில் குழம்புகிறேன். பாலை என்றால் எந்தப் பாலை? வெப்பாலை இருக்கிறது, குடசப்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை. காரையிலும் இரண்டு மூன்று சொல்கிறார்கள். புத்தகத்தில் உள்ள பெயரும் ஊரில் சொல்லும் பெயரும் ஒத்துப்போகவில்லை.

---

நாத்தங்கால் அக்கா:

நான் சொன்ன பாலை பழம் தின்கிற பாலை. மஞ்சளா, வேப்பம்பழம் அளவு, பிசுபிசுன்னு உதட்டுல ஒட்டும். மரம் இரும்பு மாதிரி. வெப்பாலைக்கு ரெட்டை ரெட்டையா நீளக் காய் தொங்கும், சாயப் பாலை. சொந்தமே கிடையாது ரெண்டுக்கும்.

ஊர்ப் பேரை விடாதீங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. பூவோ காயோ இருக்கற கிளையா ஒடிச்சு, செய்தித்தாள் நடுவுல வெச்சு, மேல கனமா ஏதாவது ஏத்தி, தினம் தாளை மாத்திக் காய வைங்க. ஓரத்துல இடம், தேதி, ஊர்ப் பேர், சொன்னவங்க பேர். அதைத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில ராபினாட் ஹெர்பேரியம்னு உலர்செடிக் காப்பகம் இருக்கே, அங்க கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேத்யூ பாதிரியார் 1967-ல தொடங்கினது. நம்ம சமவெளிச் செடிகளைப் பத்தி அவர் எழுதின கெட்டிப் புத்தகங்களைப் பார்த்துத்தான் எங்க நாத்தங்கால்ல பேர்ப்பலகை எழுதினாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க. பல வருஷம் முன்னாடி காய வெச்ச இலையைப் பார்க்கிறதுல ஒரு இது இருக்கு.

---

வன்னிப் பாலை:

வணக்கம் ரீச்சர். நான் வவுனியாவில இருந்து எழுதுறன். நானும் படிப்பிக்கிற ஆள்தான். பாலை எண்டதும் வாய் சும்மா இருக்கமாட்டன் எண்டுது.

நீங்கள் சொல்லுற பாலை, வீரை, கருங்காலி எல்லாம் எங்கட காடும்தான். கடல் நடுவில கிடக்கிறதே தவிர, உங்கட கரையில இருக்கிற உலர் காடும் வன்னிக் காடும் ஒண்டுக்கொண்டு சகோதரம். உங்களுக்குக் கால் ஏக்கரில மிஞ்சினது எங்களுக்கு இன்னும் பெருங்காடா நிக்குது. பாலைப்பழச் சீசனில றோட்டுக்கரையில வித்துக்கொண்டு இருப்பினம். கரடிக்கும் அதெண்டா உயிர், மரத்தில ஏறி இருந்து சாப்பிடும். கரடி போட்ட எச்சத்தில கொட்டையள் முழுசாக் கிடக்கும்.

நான் சொல்ல வந்தது வேற. பிள்ளையளை எடுத்த உடன காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. எங்களுக்கு அதுக்கு வேற காரணம் இருந்தது. சண்டை முடிஞ்ச பிறகும் கண்ணிவெடிப் பலகை போட்ட இடங்களுக்குள்ள பிள்ளையளை விடேலாது. அதால நான் கிழவிமாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டன். அவையள் வரேக்க மடியில கொஞ்சம் இலை, காய், பட்டை கொண்டு வந்தவை. ஒரு அம்மா ஒரு இலையைக் கசக்கி மணந்துபோட்டு அதின்ர பேர், எந்தக் காலத்தில பழுக்கும், எந்த வருத்தத்துக்கு நல்லது, எந்த ஆடு தின்னாது எல்லாத்தையும் ஒரே மூச்சில சொன்னா. பிள்ளையள் ஆவெண்டு பார்த்துக்கொண்டு இருந்ததுகள். வகுப்பில கடைசி வாங்கில இருக்கிற பெடியன் ஒருத்தன்தான் அவவின்ர பேரன். அண்டையில இருந்து அவன் முன் வாங்கு.

பாலை மெதுவா வளருற சாமான். ஒரு வருசத்தில சாண் அளவுதான் வந்திருந்தாலும் மனம் விடாதேங்கோ.

---

மேல்மலை:

கொடைக்கானல்ல இருந்து சின்னதா ஒரு குறிப்பு. எங்க பிரச்சினை தலைகீழ். இங்க புல்வெளிதான் உரியது, மரம்தான் அந்நியம். சீகையும் (சீயக்காய் இல்ல, வாட்டில் மரம்) பைனும் வெச்சே புல்வெளியைத் தின்னுட்டாங்க. எங்க பள்ளிப் பிள்ளைங்க மரம் நட வர்றதில்ல, சீகை நாத்துப் பிடுங்க வர்றாங்க. அதோட விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உசுரோட கிடக்கும், தீ வெச்சா இன்னும் ஜோரா முளைக்கும், அதனால ஒரே இடத்துக்கு வருஷா வருஷம் வரணும். 2018-ல குறிஞ்சி பூத்தப்போ ஆறாவது படிச்ச பிள்ளைங்களுக்கு 2030-ல அடுத்த பூ வரும்போது என்ன வயசு இருக்கும்னு கணக்குப் போடச் சொன்னேன், எல்லாரும் கல்யாண வயசுன்னு சிரிச்சாங்க.

உங்க இடத்துலயும் புல்லுத் திட்டு இருந்தா அதுல குழி வெட்டாதீங்க டீச்சர். சீமைக்கருவேலை மொத்தமா ஒரே நாள்ல புல்டோசர் விட்டு எடுக்காதீங்க, அடுத்த மழைக்கு ஆயிரம் நாத்து வரும். கொஞ்சம் கொஞ்சமா, எடுத்த இடத்துல உடனே உங்க செடி.

---

செம்மண் டீச்சர் (ஒன்றரை வருஷம் கழித்து):

இந்த இழையை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வவுனியா ரீச்சர் சொன்னபடி முதலில் பாட்டிகளைக் கூப்பிட்டோம். 11 பேர் வருவதாகச் சொல்லி 4 பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஆடு மேய்க்கிறவர். எங்கள் செடியைத் தின்றது அவர் ஆடுகள்தான் என்று பிறகு தெரிந்தது! அவரிடம்தான் நான் ஒரு கேள்வி கேட்டேன். ஆவுடையார்கோவில் தலமரம் குருந்தம். மாணிக்கவாசகருக்குக் குருந்தமரத்தடியில் உபதேசம் என்று எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கு வெளியே அந்த மரத்தைப் பார்த்த பிள்ளை ஒருவர்கூட இல்லை, நானும் பார்த்ததில்லை. "அதா? காட்டு எலுமிச்சைடி அது" என்று அய்யனார் காட்டுக்குள் கூட்டிப்போய், கோட்டைச் சுவர் மாதிரி நின்ற புதருக்கு நடுவே காட்டினார். இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசனை. அருகிலேயே காயா, நீலப் பூவாகக் கிளையெல்லாம் ஒட்டிக்கொண்டு. எத்தனை பாட்டுகளில் படித்துவிட்டு அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பூசாரியிடம் அனுமதி கேட்டபோது, செருப்பு வெளியே, அரிவாள் உள்ளே கூடாது, விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும் என்றார். நாங்கள் பள்ளியில் எழுதிவைத்திருந்த விதிமுறை ஒன்றரைப் பக்கம் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இந்த மூன்றையே வைத்துக்கொண்டோம்.

ஜூன் 5 விதை பொறுக்கும் நாளாக நடந்தது. மேலே இருந்து, நட்ட கன்றுகளின் எண்ணிக்கை கேட்டார்கள். "பூஜ்யம், கொட்டை 640" என்று எழுதி அனுப்பினேன். அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டி வந்தது, பரவாயில்லை.

கயிற்றுச் சதுரம் 30 போட்டோம். நான் வெட்டை என்று நினைத்த இடத்தில் பிள்ளைகள் 23 வகைச் செடி எழுதினார்கள். கணக்கு சார் வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அக்டோபர் 2 கிராமசபையில் எட்டாம் வகுப்பு மாணவிகள் இரண்டு பேர் எழுந்து, புறம்போக்கில் பாதியை மட்டும் இரண்டு வருஷம் ஆடு விடாமல் இருக்கக் கேட்டார்கள். ஆட்டுக்காரப் பாட்டியே முதலில் சரி என்றார், மீதிப் பாதியை யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. நியாயம்தானே. வெட்டிய சீமைக்கருவேல் முள்ளையே படலாக அடைத்தோம், ஓரத்தில் கிளுவைக் குச்சி ஊன்றினோம். பெரியவர்கள்தான் வெட்டினார்கள். பிள்ளைகள் மழை விட்ட மறுநாள் விரல் நீள நாற்றுகளைப் பிடுங்குவதோடு சரி.

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்து மண் ஒரு முழம் நனைந்த பிறகு 70 கன்று மட்டும் நட்டோம். புங்கன், வேம்பு, நாவல், கொன்றை, உசில். குருந்தமும் காயாவும் வீரையும் பாலையும் இன்னும் பையில் இருக்கின்றன, அடுத்த ஐப்பசிக்குத்தான். ஆறாம் வகுப்பில் பொறுக்கியவர்கள் ஏழில் நடுவார்கள்.

ஒரு அனர்த்தமும் உண்டு. பொங்கலுக்கு முன் வரத்துக்கால் தூர்வார வந்தவர்கள், நல்லெண்ணத்தில் உள்ளே இருந்த "புதரை"யும் சுத்தம் செய்துவிட்டார்கள். துளிர்த்து இடுப்பு உயரம் வந்திருந்த காரை, சூரை எல்லாம் தரைமட்டம். காரைச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டானே, அந்தப் பையன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் மாசியில் எல்லாம் திரும்பத் துளிர்த்தது, அதற்கு அவன் வேரைப் பற்றி எனக்கே வகுப்பெடுத்தான். இப்போது சிவப்புத் துணி கட்டிவைத்திருக்கிறோம், அய்யனார் காடு என்று நினைத்து யாரும் தொடுவதில்லை.

மே மாதம் எண்ணியபோது 70-ல் 48. விடுமுறையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, வேருக்கு மேல் சருகு மூடிவைத்ததோடு சரி.

அக்கா, இப்போது ஒரு அவசரம். பையில் இருக்கும் குருந்தக் கன்றுகளில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, தொட்டால் நெளிகிறது. பாதி இலை காலி. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

---

நாத்தங்கால் அக்கா:

அடிக்காதீங்க டீச்சர்! அது எச்சம் இல்ல, பட்டாம்பூச்சிப் புழு. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்து இலையில வர்ற வகை. சின்னதுல எச்சம் மாதிரி வேஷம் போட்டு இருக்கும், வளர்ந்தா பச்சையா மாறும். எத்தனை கன்னு இருக்கு உங்ககிட்ட? அஞ்சாறு கன்னை அதுக்குன்னு ஒதுக்கி, மத்ததுல இருக்கறதை எடுத்து அதுல விடச் சொல்லுங்க. ஒரு பிள்ளைய நோட்டுப் போட்டு தினம் அளக்கச் சொல்லுங்க. இலை திரும்ப வந்துடும்.

---

செம்மண் டீச்சர்:

31 கன்று இருக்கிறது. 6 ஒதுக்கியாயிற்று. நோட்டு அந்தப் பையனிடம்.